ராத்திரி ஆனா பேச்சு மாறுது: மெடிசின் வார்டில் டெலிரியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

வடசேரி_ஸ்டாஃப்நர்ஸ்:

மெடிசின் வார்டுல இருக்கிற நர்ஸுங்க எல்லாருக்கும் பயன்படும்னு இந்தக் கேள்வியைப் போடுறேன்.

காய்ச்சல், நிமோனியா, கால் புண், மூச்சிரைப்புன்னு அட்மிட் ஆகுற 65, 70 வயசுக்காரங்கள்ல நிறைய பேருக்கு ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ராத்திரி பேச்சு மாறுது. ட்ரிப்பைப் பிடுங்குதாங்க. "வள்ளத்தைத் தள்ளணும்"னு ஒருத்தர் எந்திரிச்சு நிப்பார், "ரப்பர் பால் வெட்ட நேரமாச்சு"ன்னு இன்னொருத்தர் காத்துல கத்தி பிடிச்ச மாதிரி கையை ஆட்டுவார். காலைல டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நல்லாப் பேசுவாங்க. அதனால ராத்திரி நடந்ததை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது:

1. ரெண்டு மூணு நிமிஷத்துல இது டெலிரியம்தானான்னு (உடம்பு நோயால மூளை திடீர்னு தடுமாறுறதுதானான்னு) எப்படிப் பாக்குறது? மாசத்தைத் தலைகீழா சொல்லச் சொன்னா பள்ளிக்கூடமே போகாத பாட்டி என்ன செய்வாங்க?
2. ராத்திரில கையில இருக்கிறது குளுக்கோமீட்டர், ஆக்ஸிமீட்டர், ஈசிஜி மட்டும்தான். எதை முதல்ல பாக்கணும்?
3. துள்ளுறவரை அடக்க லோராசிபாமா, ஹாலோபெரிடாலா? எவ்வளவு?
4. "கிறுக்கு பிடிச்சிட்டு", "பேய் தொட்டுட்டு"ன்னு அழுற வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்றது?

பொதுமருத்துவம்_தக்கலை:

சிஸ்டர், நீங்க எழுதினது சத்தம் போடுறவங்களைப் பத்தி. அவங்க யார் கண்ணுக்கும் தப்ப மாட்டாங்க. தப்பிப் போறது அடுத்த கட்டில்ல சுருண்டு கிடக்கிற பாட்டாதான். கூப்பிட்டா கண்ணைத் திறப்பார், ஒரு வார்த்தை சொல்வார், சொல்லி முடிக்கும் முன்னே கண் சொருகிடும். கஞ்சி ஊட்டினா விழுங்காம வாயிலேயே வச்சிருப்பார். நோட்ஸ்ல "நோயாளி அமைதியாக உறங்குகிறார்"னு எழுதியிருக்கும். அதுவும் டெலிரியம்தான், அடங்கின வகை. வயசானவங்ககிட்ட இந்த வகைதான் அதிகம். புரையேறி நிமோனியா வர்றதும், படுக்கைப்புண் வர்றதும், உயிர் போறதும் இவங்களுக்குத்தான் கூடுதல். மனச்சோர்வுன்னு நினைச்சு மாத்திரை எழுதிக் கொடுக்கிறதும் நடக்குது.

பழைய ஆட்கள் "ஜன்னி கண்டுட்டு"ன்னு சொல்வாங்களே, அது இதைத்தான். காய்ச்சலோட வந்தா ஜன்னின்னு புரிஞ்சுக்கிட்டாங்க. காய்ச்சல் இல்லாம, சோடியம் குறைஞ்சோ மூத்திரம் அடைச்சோ வந்தா மட்டும் அது பேய் ஆயிடுது.

அடையாளம் மூணு விஷயம்: மணிக்கணக்குல, இல்லேன்னா ஒண்ணு ரெண்டு நாள்ல வந்திருக்கணும், ஏறி இறங்கணும், கவனம் ஒரு இடத்துல நிக்கக் கூடாது. இடம், நேரம் தெரியாம போறதை விட இந்தக் கவனக்குறைவுதான் முக்கியம். மறதி நோய்ல ஞாபகம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல தேயும், ஆனா எதிர்ல உக்காந்து பேசினா ரொம்ப நாள் வரைக்கும் கவனம் நிக்கும். மறதி நோய் இருக்கிறவருக்கு அதுக்கு மேலேயே டெலிரியம் வரும், அதுதான் இன்னும் அடிக்கடி. "அவருக்கு எப்பவும் மறதிதான்"னு சொல்லி விட்டுடக் கூடாது. அதே மாதிரி 70 வயசுல முதல் தடவையா ஒருத்தருக்கு இல்லாத ஆள் தெரிஞ்சா மனநோய்னு போகாதீங்க. உடம்புல காரணம் தேடுங்க.

வீட்டுக்காரங்ககிட்ட ஒரே கேள்வி போதும்: "போன வாரம் இருந்த மாதிரியே இருக்காரா, இல்ல மாறிட்டாரா?" மாறிட்டார்னு சொன்னா 4ஏடி போடுங்க. எடின்பரோவில் உருவான அளவுகோல், இலவசம், பயிற்சி வேண்டாம், ரெண்டு நிமிஷம்.

விழிப்பு: எழுப்பின பிறகு பத்து செகண்டுக்குள்ள தெளிஞ்சா 0. தூக்கக் கலக்கமோ துள்ளலோ தெளிவா இருந்தா 4.

நாலு கேள்வி: வயசு, பிறந்த தேதி, இது எந்த இடம், இது எந்த வருஷம். தப்பே இல்லேன்னா 0, ஒரு தப்பு 1, ரெண்டோ அதுக்கு மேலோ, பதிலே இல்லேன்னாலோ 2.

கவனம்: டிசம்பர்ல இருந்து மாசத்தைப் பின்னாடி. ஏழு மாசம் சரியா வந்தா 0. ஆரம்பிச்சு ஏழு வராம நின்னாலோ, மாட்டேன்னாலோ 1. செய்ய வைக்கவே முடியலேன்னா 2.

திடீர் மாற்றம்: கடந்த ரெண்டு வாரத்துக்குள்ள வந்து, கடைசி 24 மணி நேரத்துலயும் தெரிஞ்சா 4. இல்லேன்னா 0.

கூட்டினா 4 அல்லது மேல டெலிரியமா இருக்கலாம். 1 முதல் 3 வரை ஞாபகக் கோளாறு இருக்கலாம். 0 வந்தா டெலிரியம் இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனா நாலாவது பகுதிக்கு வீட்டுக்காரங்ககிட்ட சரியா கேக்காம போட்ட 0-வை நம்பாதீங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னு ரெண்டு குறிப்பு. ஒண்ணு, கொல்லம் ஆண்டு, அதாவது பழைய மலையாள வருஷக் கணக்கு. 80 வயசுக்கு மேல உள்ளவர் "1115-ல பொறந்தேன்"னு சொன்னா குழப்பம்னு மார்க் குறைச்சிடாதீங்க. 825 கூட்டினா 1940 வரும். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது, அவர் சரியாத்தான் சொல்றார். பிறந்த தேதியே தெரியாத பாட்டிக்கு, அவங்களுக்கு வழக்கமா எது தெரியும்னு மகள்கிட்ட கேட்டு அதோட ஒப்பிடுங்க. களியக்காவிளை, விளவங்கோடு பக்கத்து ஆளா இருந்து வீட்டுல மலையாளம் பேசுறவரா இருந்தா மலையாளத்துலேயே கேளுங்க.

ரெண்டாவது, படிக்காதவங்க. கிழமையைப் பின்னாடி சொல்லச் சொல்லுங்க: ஞாயிறு, சனி, வெள்ளி... இல்லேன்னா 20-ல இருந்து பின்னாடி எண்ணச் சொல்லுங்க. எதை வச்சுப் பார்த்தீங்கன்னு எழுதி வைங்க, நாளைக்கும் அதையே கேட்டாத்தான் ஒப்பிட முடியும். பேசவே மாட்டார்னா கையைப் பிடிச்சுக்கிட்டு "நான் ஆ-ன்னு சொல்லும்போது மட்டும் அமுக்குங்க"ன்னு சொல்லி, மூணு செகண்டுக்கு ஒண்ணா பத்து எழுத்து வாசிங்க: ச, ஆ, வ, இ, ஆ, ஹ, ஆ, ஆ, ர, த. ஆ வரும்போது அமுக்காம விட்டாலும் தப்பு, வேற எழுத்துக்கு அமுக்கினாலும் தப்பு. ரெண்டுக்கு மேல தப்பு வந்தா கவனம் இல்லேன்னு அர்த்தம்.

அடுத்து காரணம். முதல் அஞ்சு நிமிஷம்: சர்க்கரை, ஆக்ஸிஜன், பிரஷர், நாடி, மூச்சு எண்ணிக்கை, வெப்பநிலை. சர்க்கரை 70-க்குக் கீழேன்னா 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 முதல் 100 மி.லி. நல்ல வெயின்ல கொடுங்க, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. கிளிபென்கிளமைடோ கிளிமிபிரைடோ சாப்பிடுற, கிட்னி மந்தமான ஆள்னா தெளிஞ்ச பிறகும் சர்க்கரை திரும்ப இறங்கும். 24 மணி நேரமாவது விடாமல் பாக்கணும். பீடி குடிச்சு நுரையீரல் கெட்டவர் ஆக்ஸிஜன் வச்ச பிறகு மந்தமானார்னா கரியமில வாயு ஏறியிருக்கலாம். அவருக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். 99 காட்டுறது நல்ல சேதி இல்ல.

அப்புறம் போர்வையை விலக்கிப் பாருங்க. அடிவயித்துல கை வச்சு மூத்திரப் பை நிக்குதான்னு பாருங்க. வயசான ஆணுக்கு அடைச்ச மூத்திரமும் நாலு நாள் போகாத மலமும் மட்டுமே போதும், ராத்திரி முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். ட்ரிப் போட்ட இடம் வீங்கியிருக்கா, ஊசி போட்ட இடுப்புல சீழ் இருக்கா, குதிகால்ல, இடுப்பு எலும்பு மேல புண் இருக்கா. கையை நீட்டி மணிக்கட்டை மேல தூக்கச் சொல்லி அது படபடன்னு விழுதான்னு பாருங்க. விழுந்தா கல்லீரல், கிட்னி, கரியமில வாயு மூணையும் யோசிங்க. கழுத்து விறைப்பு, ஒரு பக்கப் பலவீனம், கண்மணி அளவு வித்தியாசம் இருக்கான்னு பாருங்க.

இந்த மாவட்டத்துல ரெண்டு மழையும் பெய்யும். காய்ச்சலோட பிதற்றல்னா உடம்பு முழுக்க ஸ்க்ரப் டைஃபஸ் (சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்) பொருக்கைத் தேடணும். சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா, வலியே இல்லாம அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில, விதைப்பைல ஒளிஞ்சு இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி காடும் தோட்டமும் ஒட்டின ஊர்னா இன்னும் கவனமா. அது மாதிரி இருந்தா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்சிசைக்ளின் 100 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சேத்துத் தண்ணில நின்னு வேலை பார்த்தவர், கண் மஞ்சளா சிவப்பான்னு எலிக்காய்ச்சலையும் நினைங்க.

காலைல அனுப்ப வேண்டிய ரத்தம்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், யூரியா, கிரியாட்டினின், ரத்த அணுக்கள், கல்லீரல். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி. தலை சிடி எல்லாருக்கும் வேண்டாம். விழுந்தவர், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவர், ஒரு பக்கப் பலவீனம் உள்ளவர், எங்க தேடியும் காரணம் கிடைக்காதவர், இவங்களுக்கு வேணும். காய்ச்சல், வலிப்பு, புதுசா பேச்சுக் கோளாறுன்னா ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல். முதுகுத்தண்டு நீருக்குக் காத்திருக்காம அசைக்ளோவிர் 10 மி.கி. ஒரு கிலோவுக்கு, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கிட்னி மந்தமா இருந்தா இடைவெளியைக் கூட்டணும்.

சோடியம் பத்தி ஒரு எச்சரிக்கை. பிரஷருக்கு குளோர்தாலிடோன் மாதிரி மாத்திரை சாப்பிடுற பாட்டி, நாலு நாள் வாந்தி, உப்பில்லாக் கஞ்சி. 116, 118-ன்னு வரும். 24 மணி நேரத்துல 8-க்கு மேல ஏத்தாதீங்க. வேகமா ஏத்தினா மூளைத்தண்டுல நரம்புறை கரைஞ்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சு கை கால் விழும், பேச்சு போகும். குடிக்கிறவர், மெலிஞ்சவர், பொட்டாசியம் குறைஞ்சவருக்கு இந்த ஆபத்து கூடுதல். வலிப்போ ஆழ்ந்த மயக்கமோ இருந்தா மட்டும் 3 சதவீத உப்புநீர் 100 முதல் 150 மி.லி. பத்து இருபது நிமிஷத்துல.

மருந்துக் கேள்வியை மருந்தாளுநர் யாராவது தொடங்கி வைக்கட்டும். ஏன்னா புதுசா ஒண்ணு சேர்க்கும் முன்னே ஏற்கெனவே போயிட்டிருக்கிறதைப் பார்க்கணும்.

மருந்தாளுநர்_குளச்சல்:

டாக்டர் சொன்னதுதான். குழப்பம் வந்த ராத்திரிக்கு முன்னாடி 48 மணி நேரத்துல சார்ட்ல என்ன ஏறிச்சு, என்ன நின்னுச்சுன்னு பாருங்க.

முதல் குற்றவாளி வாய் உலர வைக்கிற மருந்துகள். ரத்தம் ஏத்தும் முன்னே பழக்கத்துக்காகப் போடுற அவில் ஊசி. சளி மாத்திரைல ஒளிஞ்சிருக்கிற குளோர்ஃபெனிரமின். அரிப்புக்கு அடாராக்ஸ். வயித்து வலிக்கு டைசைக்ளோமின். "தூங்கட்டும்"னு போடுற ஃபெனர்கன். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின். மூத்திரம் அடக்க சோலிஃபெனசின். பார்கின்சன் நடுக்கத்துக்கு பேசிடேன். தனித்தனியா சின்ன டோஸ்தான், நாலு சேர்ந்தா பாட்டாவுக்குத் தலை சுத்தி, மூத்திரம் அடைச்சு, மலம் இறுகி, புத்தி கலங்கும். நம்ம ஊர் ஊமத்தங்காய் தின்னவருக்கு என்ன ஆகுமோ அதே வேலைதான் மெதுவா நடக்குது.

அடுத்து கிட்னியைப் பார்க்காம எழுதினது. செஃபெபிம், பேக்ளோஃபென், பிரிகாபலின், காபாபென்டின், டிரமடால், இதெல்லாம் கிட்னி மந்தமானா உடம்புல தங்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு முதுகுப் பிடிப்புன்னு பேக்ளோஃபென் கொடுத்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே எழுப்ப முடியாம போயிடும். இதுக்கு டயாலிசிஸ்தான் வைத்தியம்.

டெரிஃபிலின் (தியோஃபிலின் கலந்த மூச்சிரைப்பு மருந்து) போயிட்டிருக்கிறவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்த்தா தியோஃபிலின் அளவு ஏறும்: கை நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை, அப்புறம் வலிப்பு. ஸ்டீராய்டு ஊசியை சாயங்காலம் போட்டா ராத்திரி கண்ணு மூடாது. முடிஞ்ச வரைக்கும் காலைல போடுங்க.

நின்னு போன மருந்தையும் கேளுங்க. மருந்துக் கடையில சீட்டில்லாம வாங்கி வருஷக்கணக்கா ராத்திரி அல்பிரசோலம் போட்டுப் பழகினவங்க நிறைய. அட்மிட் ஆனதும் யாரும் அதை எழுத மாட்டாங்க, மூணாம் நாள் துள்ளல். "தூக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா இல்லேன்னுதான் வரும். "வீட்டுல இருக்கிற மாத்திரைப் பையை அப்படியே கொண்டாங்க"ன்னு சொல்லுங்க, பையில எல்லாம் கிடைக்கும்.

விஷம் குடிச்சு வந்தவங்க தனி. பூச்சிமருந்துக்கு அட்ரோபின் ஓடிட்டிருக்கும்போது பிதற்றல் வந்தா எல்லாத்தையும் விஷத்தின் மேல போடாதீங்க. உடம்பு சூடு, தோல் உலர்வு, குடல் சத்தம் இல்ல, மூத்திரம் அடைப்பு, காத்துல எதையோ பொறுக்குறது, இதெல்லாம் அட்ரோபின் கூடிட்டதுக்கு அடையாளம். நிறுத்தி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்து, பழைய வேகத்துல 70 முதல் 80 சதவீதமா திரும்பத் தொடங்குறது வழக்கம்.

பொதுமருத்துவம்_தக்கலை:

நன்றி. இப்போ மூணாவது கேள்விக்கு வர்றேன்.

டெலிரியத்தைக் குணமாக்குற மருந்துன்னு ஒண்ணு கிடையாது. ஹாலோபெரிடால் கொடுத்தா டெலிரியத்தோட நாட்கள் குறையும்னு நம்பிக் கொடுக்காதீங்க. அவர் தனக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து உண்டாக்கும்போது, அல்லது பார்க்க முடியாத அளவுக்குப் பயத்துல நடுங்கும்போது, பேசிப் பார்த்தும் அடங்கலேன்னா மட்டும்.

முதியவருக்கு ஹாலோபெரிடால் 0.25 முதல் 0.5 மி.கி. வாயாலே. வாங்கலேன்னா 0.5 மி.கி. தசைல. ஊசிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்தது. ஒரு நாளைக்கு 2, 3 மி.கி. தாண்ட வேண்டி வந்தா மருந்தைக் கூட்டுறதை விட்டுட்டு காரணத்தைத் திரும்பத் தேடுங்க. இங்கதான் பெரிய தப்பு நடக்குது: ஆம்பூல் 5 மி.கி. ஒரு மி.லி. அரை மி.கி.ன்னா 0.1 மி.லி. முழு ஆம்பூலைப் போட்டா பத்து மடங்கு. மறுநாள் பாட்டா கட்டை மாதிரி விறைச்சு, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாம கிடப்பார். அதையும் நோயோட கணக்குல எழுதிடுவோம்.

போடும் முன்னே ஈசிஜி. அதுல திருத்தின க்யூடி இடைவெளி 500 மில்லிசெகண்டுக்கு மேலன்னா வேண்டாம். பொட்டாசியம், மெக்னீசியம் சரி பண்ணிடுங்க. அசித்ரோமைசினோ ஒண்டன்செட்ரானோ ஏற்கெனவே ஓடுதான்னு பாருங்க, மூணும் சேர்ந்து க்யூடியை நீட்டும். பார்கின்சன் உள்ளவருக்கும் லூயி பாடி மறதி நோய் உள்ளவருக்கும் ஹாலோபெரிடால் கூடவே கூடாது. அவங்களுக்கு குவெட்டியாபின் 12.5 மி.கி. போதும்.

லோராசிபாம், மிடசோலம், டயசிபாம் எல்லாம் பொதுவா டெலிரியத்தைக் கூட்டும். குடி நிறுத்தினது, தூக்க மாத்திரை நிறுத்தினது, வலிப்பு, இந்த மூணுக்குத்தான் அவை.

வடசேரி_ஸ்டாஃப்நர்ஸ்:

அந்தக் குடி விஷயத்தைக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க டாக்டர். வீட்டம்மா பக்கத்துல நிக்கும்போது கேட்டா "வாரத்துக்கு ஒரு நாள்"தான் வருது.

பொதுமருத்துவம்_தக்கலை:

"குடிப்பீங்களா"ன்னு கேக்காதீங்க. தனியா விட்டு, "கடைசியா எப்ப, எவ்வளவு?"ன்னு கேளுங்க. குவார்ட்டர் கணக்குல சொல்வாங்க. வீட்டம்மாகிட்ட வெளியில கூப்பிட்டுத் தனியா. "காலைல எந்திரிச்சதும் கை நடுங்குமா"ங்கிறது ரொம்ப உண்மையான பதிலைத் தரும்.

கணக்கு கடைசிக் குடியிலிருந்து: 6 முதல் 24 மணிக்குள்ள நடுக்கம், வியர்வை. 6 முதல் 48 மணிக்குள்ள வலிப்பு. 48 முதல் 96 மணிக்குள்ள முழு டெலிரியம், காய்ச்சல், நாடி 120, சுவர்ல பூச்சி ஊருது. கால் முறிவுக்குத் திங்கள் அட்மிட் ஆனவர் புதன், வியாழன் ராத்திரி எகிறுறது இதனால்தான்.

தயமின் (வைட்டமின் பி1) முதல்ல. குழப்பம், நடை தள்ளாட்டம், கண் ஒரு பக்கம் போகாம நிக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் வெர்னிக்கேன்னு (தயமின் குறைஞ்சு மூளை கெடுறதுன்னு) வச்சுக்கிட்டு 500 மி.கி. ஐவி, நூறு மி.லி. சலைன்ல அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூணு வேளை, ரெண்டு மூணு நாள். அப்புறம் 250 மி.கி. ஒரு வேளை. மூணும் சேர்ந்து தெரியணும்னு காத்திருக்காதீங்க, பெரும்பாலும் சேர்ந்து தெரியாது. குளுக்கோஸ் ட்ரிப் தயமினுக்குப் பிறகு. ஆனா சர்க்கரை 40-ல இருக்கிறவருக்கு தயமின் வரட்டும்னு நிக்கக் கூடாது, ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்க. மெக்னீசியம் குறைஞ்சா தயமின் வேலை செய்யாது, அதையும் போடுங்க.

டயசிபாம் 10 மி.கி. மெதுவா ஐவி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, கூப்பிட்டா கண் திறக்கிற அமைதி வரும் வரைக்கும். மூச்சைப் பார்த்துக்கிட்டே இருக்க ஆள் இருக்கிற இடத்துல மட்டும். வயிறு வீங்கின, மஞ்சள் கண் உள்ளவருக்கு லோராசிபாம் 1 முதல் 2 மி.கி. குடி நிறுத்தின ஆட்களுக்கு ஹாலோபெரிடால் மட்டும் கொடுத்தா வலிப்பு வரும் வாசல் தாழ்ந்துடும்.

மஞ்சள் கண் ஆள் துள்ளாம மந்தமா, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சு இருந்தா குடி நிறுத்தினது இல்ல, கல்லீரல் விஷம் தலைக்கு ஏறுது. டயசிபாம் கொடுத்தீங்கன்னா ஆள் எந்திரிக்க மாட்டார். லாக்டுலோஸ் 30 மி.லி. மூணு வேளை, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு இளகின மலம் வரும் அளவுக்கு. வயித்துத் தண்ணியை ஊசியால எடுத்துப் பரிசோதிங்க. கருப்பு மலம், மலச்சிக்கல், வாட்டர் மாத்திரை, எது கிளப்பி விட்டதுன்னு தேடுங்க.

ஹவுஸ்சர்ஜன்_2:

பெரியவங்க குழம்பினாலே யூரின்ல பஸ் செல் (சீழ் அணு) 15-20 வருது. மூத்திரக் கிருமிக்கு செஃப்ட்ரியாக்சோன் தொடங்கிடலாமா?

பொதுமருத்துவம்_தக்கலை:

அவசரப்படாதீங்க. வயசான பெண்கள், கதீட்டர் போட்டவங்க மூத்திரத்துல கிருமி இருக்கிறது சாதாரணம், அது எதுவும் செய்யாமலே இருக்கும். காய்ச்சல், எரிச்சல், இடுப்பு வலி, ரத்த அணு ஏத்தம் ஏதாவது இருந்தா சிகிச்சை. பஸ் செல் மட்டும்னா, காரணம் கிடைச்சிட்டுன்னு நினைச்சுத் தேடுறதை நிறுத்திடுவோம், சோடியம் 119 மூணு நாள் கழிச்சு வெளியில வரும். ஆள் ஷாக்ல இருந்தா அது வேற கணக்கு, முதல் மணி நேரத்துலயே கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் போடுங்க.

இரவுப்பணி_சிஸ்டர்:

மருந்தை விட வார்டுல செய்யறதுதான் பலன் கூடுதல். 1999-ல யேல் பல்கலைக்கழக ஆய்வுல, 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு நடக்க வைக்கிறது, தண்ணி, தூக்கம், கண்ணாடி, காது இயந்திரம் மாதிரி சாதாரண வேலைகளைச் செஞ்சதுலயே டெலிரியம் 15 சதவீதத்துலருந்து 10-க்குக் குறைஞ்சது. நம்ம வார்டுல செய்யக்கூடியது:

கண்ணாடியும் பல்செட்டும் வீட்டுல பெட்டிக்குள்ள இருக்கும். "நாளைக்குக் கொண்டாங்க"ன்னு சொல்லுங்க. பல்செட் இல்லாம தின்ன முடியாது, கண்ணாடி இல்லேன்னா ட்ரிப் ஸ்டாண்டு ஆள் மாதிரி தெரியும்.

பகல்ல ஜன்னல் பக்கம் உக்கார வைங்க. சாப்பாட்டுக்குக் கட்டில்லேருந்து இறக்கி நாற்காலில. ஒரு நாளைக்கு மூணு தடவை நடை, கழிப்பறை வரைக்குமாவது.

காலைல ஏழுக்கு, பதினொண்ணுக்கு, மூணுக்கு, ஆறுக்கு ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணியோ மோரோ. தண்ணி கேக்காதவங்களுக்கு நாமதான் நீட்டணும். இருதயம், கிட்னிக்கு அளவு கட்டியிருந்தா அந்த அளவுக்குள்ள.

ராத்திரி பத்து மணி மருந்தையும் காலை அஞ்சு மணி ரத்தமெடுப்பையும் தள்ளிப் போட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இரவு பிரஷர் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு எழுதியிருந்தா, ஆள் நிலைப்பட்ட பிறகு யாரும் அதை மாத்துறதில்ல.

கதீட்டர் எதுக்குன்னு தினமும் கேளுங்க. பதில் இல்லேன்னா எடுங்க. ட்ரிப் தேவையில்லேன்னா கேனுலாவை அடைச்சு சட்டைக்கைக்குள்ள மறைங்க. கண்ணுக்குத் தெரிஞ்சாதான் பிடுங்குவாங்க.

கையைக் கட்டாதீங்க. பேண்டேஜால கட்டினா மணிக்கட்டு கிழிஞ்சு, துள்ளல் கூடி, வாந்தி வந்தா திரும்ப முடியாம புரையேறும். கட்டில் கம்பியை ஏத்தினாலும் அதுக்கு மேல ஏறி விழுவாங்க, அது தரையில விழுறதை விட உயரம். கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்குங்க, பக்கத்துல பாய் போட்டு வீட்டு ஆள் ஒருத்தர் படுக்கட்டும். விசிட்டர் நேரம் முடிஞ்சுட்டுன்னு இவரை வெளிய அனுப்பாதீங்க, செக்யூரிட்டிகிட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க.

வலியையும் பாருங்க. சொல்லத் தெரியாதவர் முகத்தைச் சுளிப்பார், புண் பக்கம் கையை வைப்பார். பாரசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமக் கொடுத்தாலே சிலர் அடங்கிடுவாங்க. கல்லீரல் கெட்டவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல போகாதீங்க.

"வள்ளம் தள்ளணும்"னு சொல்றவரோட "இது ஆஸ்பத்திரி, கடல் இல்ல"ன்னு வாதாடாதீங்க. "கடல் இன்னிக்கு மோசமா இருக்கு, காலைல போலாம்"னு பொய்யும் சொல்ல வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, காய்ச்சலுக்கு வந்தீங்க, உங்க மகன் இங்கதான் நிக்கான்"னு சின்னச் சின்ன வாக்கியமா. சொல்லிட்டு உடனே கையில ஒரு டம்ளர் தண்ணியைக் கொடுங்க. பெரும்பாலும் பேச்சு தண்ணி பக்கம் திரும்பிடும்.

முதியோர்நலம்_மார்த்தாண்டம்:

நாலாவது கேள்விக்கு நான். வீட்டுக்காரங்ககிட்ட "டெலிரியம்"னு ஆங்கிலத்துல சொல்லி விட்டா பயம்தான் கூடும். "ஜன்னி மாதிரி. உடம்புல நோய் கூடினதால மூளை தடுமாறுது. மனநோய் இல்ல. நோய் குறையக் குறைய தெளியும், ஆனா சிலருக்கு நாள் கணக்கு, சிலருக்கு வாரக் கணக்கு ஆகும்"னு சொல்லுங்க. "நாளைக்கே சரியாயிடும்"னு வாக்குக் கொடுக்காதீங்க. முன்னே மறதி இருந்தவருக்குப் பழைய நிலை முழுசா திரும்பாமலும் போகலாம்.

பேய் விரட்டக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா சண்டை போட வேண்டாம். திருநீறோ, ஜெபமோ, ஓதின தண்ணியோ கட்டில் பக்கத்துலேயே நடக்கட்டும், விழுங்கத் தெரியாதவர் வாயில தண்ணி ஊத்தாம பார்த்துக்குங்க, அவ்வளவுதான். ட்ரிப்பைக் கழட்டி ஆளைத் தூக்கிட்டுப் போறதுதான் ஆபத்து.

பெரிய ஆஸ்பத்திரிக்கு, ஆசாரிபள்ளத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பும்போது சீட்டுல "குழப்பம்"னு ஒரு வார்த்தையோட விடாதீங்க. எப்பத் தொடங்கிச்சு, முன்னே எப்படி இருந்தார், 4ஏடி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன மயக்க மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு போச்சு. இது இல்லேன்னா அங்க காஷுவாலிட்டில உங்க ஊசியால மந்தமானவரை மூளைல ரத்தக்கசிவுன்னு சிடிக்குத் தள்ளுவாங்க.

டிஸ்சார்ஜ் சுருக்கத்துல டெலிரியம் வந்ததையும், கிளப்பிவிட்ட மருந்தையும் எழுதுங்க. ஹாலோபெரிடால் தொடங்கியிருந்தா நிறுத்தும் தேதியும் எழுதுங்க. எழுதலேன்னா மருந்துக் கடையில வருஷக்கணக்கா அதே சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருப்பாங்க. ஒரு மாசம் கழிச்சு ஞாபகத்தைத் திரும்பப் பாருங்க.

வடசேரி_ஸ்டாஃப்நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒண்ணு மிச்சம்: ஹாலோபெரிடால் 0.1 மி.லி. எடுக்க இன்சுலின் சிரிஞ்ச் போதுமா?

மருந்தாளுநர்_குளச்சல்:

வேண்டாம். 40 யூனிட் சிரிஞ்சுல அது 4 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சுல 10 யூனிட். ராத்திரில ரெண்டும் ஒரே டிரேல கிடக்கும், மாறிப் போகும். இன்சுலின் சிரிஞ்ச்ல வேற மருந்து ஏத்தி வச்சா அடுத்த ஷிப்ட்ல யாராவது அதை இன்சுலின்னு எடுத்துக்குவாங்க. அந்த ஊசியும் தசைக்குப் போற நீளம் இல்ல. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச் எடுங்க, ஒவ்வொரு சின்னக் கோடும் 0.01, பத்தாவது கோடு உங்க டோஸ். எடுத்த பிறகு 23 கேஜ் ஊசி மாத்தி, சிரிஞ்ச்ல பேர் எழுதி ஒட்டி, உடனே போட்டுடுங்க.

வடசேரி_ஸ்டாஃப்நர்ஸ்:

சரி. டியூபர்குலின் சிரிஞ்ச் ஸ்டோர்ல இருக்கு, இண்டென்ட் போட்டுடுறேன்.